குடியும் குடியிருப்பும்: டேரா மதுச்சாலைகள் பற்றிச் சில அவதானங்கள்

குடியைப்பற்றி எழுதப் புகும்போது எம்மவர்களிடம் இரண்டு மொழிகள்தான் கைவசம் இருக்கின்றன. ஒன்று உபதேசம்: ஊரில் குடும்பம் காத்திருக்க இவன் இங்கே காசைக் கரைக்கிறான் என்பது. மற்றது வீரப்பிரதாபம்: நாலு கிளாஸ் உள்ளே போனபின் விடியவிடிய இலக்கியமும் அரசியலும் கதைத்த இரவுகள். புகலிடத்துச் சஞ்சிகைகளில் இந்த இரண்டாவது வகைக்குப் பஞ்சமே இல்லை. பாரிஸிலும் பேர்லினிலும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட பக்கங்களைச் சேர்த்தால் ஒரு நூலகமே வரும். ஆனால் வளைகுடாவில் ஒரு தமிழன் குடிக்கும் அறையைப்பற்றி இரண்டு மொழிகளும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த அறையைத்தான் இங்கு நாம் கொஞ்சம் பார்க்க விரும்புகிறோம். நாம் என்பது, எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் அங்கே வேலைசெய்து பின் திசைக்கொருவராகப் போனவர்களும், போக வழியில்லாமலோ விருப்பமில்லாமலோ இன்னும் அங்கேயே இருப்பவர்களும்.

டுபாயில் கடற்கழியின் வடகரை டேரா. பனியாஸ் சதுக்கம் என்று பலகை சொல்லும். எம்மவருக்கு அது என்றைக்கும் நாசர் ஸ்குவயர். அதைச் சுற்றியும், நாயிஃப் பக்கமும், றிக்கா வீதியிலும், படகேறி அக்கரை போனால் பர்டுபாயிலும் ஒரு நட்சத்திர, இரு நட்சத்திர ஹோட்டல்கள் நெருக்கமாக நிற்கும். தொண்ணூறுகளில் இவற்றின் முன்மண்டபம் முழுக்க ரஷ்ய வியாபாரிகளின் பொதிகள். அவற்றைக் கடந்து படியிறங்கினால், அல்லது பக்கக் கதவைத் திறந்தால், ஜன்னல் இல்லாத, குளிரூட்டி இரையும், சிகரெட் மணம் ஊறிய ஓர் அறை. ஒரே ஹோட்டலில் மூன்று நான்கு இருக்கும். ஒன்று மலையாளம், ஒன்று தமிழ், ஒன்று ஹிந்தி, ஒன்று பிலிப்பினோ. சிங்களப் பைலா ஒலிக்கும் இலங்கை பார் ஒன்றும் எங்காவது இருக்கும். வீதியில் இருந்து பார்ப்பவனுக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

இப்படி ஒளிந்திருப்பது கட்டடக் கலைஞனின் விருப்பமல்ல. சட்டம் கட்டிய அறை இது. அந்நாட்களில் மதுவை ஊற்றிக் கொடுத்தது ஹோட்டலுக்குள், அல்லது அனுமதி பெற்ற கழகத்துக்குள். ஆகவே தெருமுனையில் ஒரு தவறணை என்பது அங்கே பிறக்கவே முடியவில்லை. வளைகுடாவின் மற்ற இடங்களோடு பார்க்கையில் டுபாய் தாராளம்தான். 1951 நவம்பரில் ஜெத்தாவில் ஒரு விருந்தில், மேலும் மது ஊற்ற மறுக்கப்பட்ட சவூதி இளவரசர் ஒருவர் பிரித்தானியத் துணைக் கொன்சலைச் சுட்டுக் கொன்றார். அடுத்த வருடம் மன்னர் அப்துல் அஸீஸ் நாடு முழுவதற்கும் மதுவைத் தடைசெய்தார். சுட்டது இளவரசர்; அதன்பின் எழுபது வருடங்களாகக் கசையடிக்கும் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளானவர்களில் ஓட்டுநர்களும் மேசன்மாரும் நிறையப் பேர். (2024 ஜனவரியில் ரியாத்தில் ஒரு கடை திறந்தார்கள், முஸ்லிம் அல்லாத இராஜதந்திரிகளுக்கு. மேசன் மறுபடியும் வரிசையில் இல்லை.) குவைத் 1964இல் சட்டம் இயற்றியது. டுபாயை ஒட்டிக் கிடக்கும் ஷார்ஜா 1985இல் தடைசெய்தது. அதற்கு முந்திய வருடம்தான் ஷார்ஜா மைதானத்தில் முதலாவது ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் நடந்தது. அதன்பின் மாட்ச் பார்ப்பது ஷார்ஜாவில், அதைப்பற்றிக் கதைப்பது டேராவில் என்று ஆயிற்று. வாடகை குறைவென்று ஷார்ஜாவில் கட்டில் இடம் எடுத்தவர்கள் எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

டுபாயில் வசிப்பவன் கடையில் போத்தல் வாங்க அனுமதிப் பத்திரம் வேண்டும். படிவம் தொழில் தருநரின் ஒப்பம் கேட்டது, சம்பளம் கேட்டது, மதம் கேட்டது. பாரில் எவரும் அந்தப் பத்திரத்தைக் கேட்பதில்லை என்பதுதான் பாரின் முதற் கவர்ச்சி. ஆனால் சட்டத்தின் எழுத்தில் 2020 நவம்பர் வரை பத்திரம் இல்லாமல் குடிப்பதே குற்றம். கதவுக்கு உள்ளே நீங்கள் வாடிக்கையாளர்; குடித்த அதே பியருடன் கதவுக்கு வெளியே காலடி வைத்தால் பொலிஸ் விரும்பினால் கைதி. எத்தனையோ வருடங்கள் இலட்சக்கணக்கானவர்கள் இந்த ஒரு படிக்கட்டை மாதம் இருமுறை ஏறி இறங்கினார்கள். அந்த ஏற்றத்தில் தெளிவாக நடப்பதற்கென்றே ஒரு பயிற்சி எம்மிடம் இருந்தது.

இனி அறையின் குணத்தைச் சொல்லவேண்டும். அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையல்ல.

முதலில் கதிரை. ஒன்பது பேர் படுக்கும் அறையில் கட்டில் மட்டும்தான் ஒருவனுக்குச் சொந்தம். இருப்பதும் அதில், உண்பதும் அதில், கடிதம் எழுதுவதும் அதில். வேலைத்தலத்தில் இருக்கவே விடார்கள். இங்கே முதுகு சாய ஒரு கதிரை, கைவைக்க ஒரு மேசை, தன்னிடம் வந்து என்ன வேண்டும் என்று கேட்க ஒரு மனிதன். பகல் முழுக்க மற்றவர்களுக்குப் பரிமாறியவனுக்கு இதன் அருமை தெரியும். ஒரு பியருக்குக் கேட்காமலே வரும் சோளப்பொரியும் அவித்த கடலையும் வெள்ளரித் துண்டும் இரவுச் சாப்பாட்டுக்கு ஈடாகும் என்று கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. நாமும் பார்த்தோம். நோன்பு நோற்காத மாதங்களில்கூட ஒரு சொட்டும் தொடாத காத்தான்குடி நண்பர் ஒருவர், ஒரு செவன்அப்புடன் எம்மோடு இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார். அவர் வந்தது கதிரைக்கும் கதைக்கும்.

பிறகு மொழி. பியரோடு கொறிப்பதை நாம் பைற்ஸ் என்போம். இராமநாதபுரத்துக்காரர் சைடிஷ் என்பார். கொண்டுவரும் மலையாளி டச்சிங்ஸ் என்பார். ஒரு தட்டுக் கோழிக்கு மூன்று பெயர், மூன்றும் ஆங்கிலம், ஒருவருடையது மற்றவருக்கு முதல்நாள் விளங்காது. அவர் பேசுவார், நாம் கதைப்போம். எம்மைக் கேரளத்தவர் என்று நினைத்துத் தொடங்கி, யாழ்ப்பாணம் என்றதும் குரலைத் தாழ்த்தி ‘அண்ணே, ஊர்ல எல்லாரும் இருக்காங்களா?’ என்று கேட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை நாம் சந்தித்தது இந்த மேசைகளில்தான். தமிழ்நாட்டில் எம்மைப்பற்றி மேடைகளில் பேசியவர்கள் பலர். இப்படிக் கேட்டவர்கள் அந்த மேடைகளுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, கிளாஸ். இதை விளங்கிக்கொள்ள ஊருக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு பகுதி மக்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ் மறுக்கப்பட்டிருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்கள் கேட்டவற்றில் அந்தக் கிளாஸும் இருந்தது. தவறணை இதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை. ஒரே பனையின் கள்தான். ஆனால் பிளாவில் குடிப்பவன் எங்கே குந்துவது, வீட்டுக்குப் போத்தலில் எடுப்பிப்பவன் யார், மரமேறியவன் எவ்விடத்தில் நிற்பது என்பதெல்லாம் முன்னரே தீர்ந்த விடயங்கள். டேராவில் அந்த ஒழுங்கு உடைந்தது. எல்லோருக்கும் ஒரே கிளாஸ், ஒரே தொட்டியில் கழுவியது. எதிரில் இருப்பவனின் தகப்பன் என்ன தொழில் செய்தார் என்பது தெரியாமலே குடிக்கலாம்.

ஆனால் எவ்வளவு நேரம்? எமது அவதானத்தில் மூன்றாவது கிளாஸ் வரை. மூன்றாவதில் அந்தக் கேள்வி வரும்: நீங்கள் ஊரிலை எவ்விடம்? ஊரின் பெயர் சொன்னால் போதாது. கோயிலுக்கு மேற்கா கிழக்கா, எந்தக் குறிச்சி, இன்னாரைத் தெரியுமா என்று கேள்வி வளரும். கேட்பவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. ஊரை நினைத்துத்தான் கேட்பார். கேட்கப்பட்டவர் பில்லைக் கேட்டு எழும்பிப் போனதையும், அடுத்த வெள்ளி வேறொரு பாரில், மலையாள பாரில், தனியாக இருந்ததையும் நாம் கண்டோம். குடி எல்லோரையும் சமமாக்கும் என்று புகலிடத்தில் எழுதுபவர்கள் மூன்றாவது கிளாஸுக்கு முன்னரே எழுதி முடித்துவிடுகிறார்கள் போலும்.

இலங்கை பார் தனிக்கதை. 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெளிக்கிட்டது. தாய் தகப்பன் தென்மராட்சியிலா, வன்னியிலா, உயிரோடா என்று தெரியாமல் இருந்தவர்கள் அந்த நாட்களில் டேராவில் நிறையப் பேர். 1996 ஜனவரி 31இல் கொழும்பில் மத்திய வங்கிக் குண்டு. மார்ச் 17இல் லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. இலங்கை ஏழு விக்கெட்டால் வென்றது. அந்த இரவு இலங்கை பாரில் குருநாகல்காரரும் மாத்தறைக்காரரும் நாமும் ஒரே தொலைக்காட்சியைப் பார்த்தோம். முரளி பந்துவீச வந்தபோது இரு பக்கமும் கைதட்டியது. மேசைகள் கலந்தன. ஒரு சிங்களப் பொடியன் எம்மேசைக்கு ஒரு சுற்று வாங்கித் தந்தான். தம்பி இராணுவத்தில் என்றான், எங்கே என்று நாம் கேட்கவில்லை. எமது வீட்டார் எங்கே என்று அவனும் கேட்கவில்லை.

இதை இன ஐக்கியம் என்று எழுதினால் அது பொய். அந்த அறையில் அடிதடி வராததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. அடித்தால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் இருவருக்கும் விமானச் சீட்டு. ஏஜென்சிக்கு வாங்கிய கடன் இருவருக்கும் இன்னும் தீரவில்லை. இந்தப் பயம்தான் அந்த மேசைக்குக் காவல் நின்றது. ஆயினும் பயத்தினால் உண்டான மரியாதை என்பதற்காக அந்த ஒரு சுற்றுப் பியரைப் பொய் என்று தள்ளவும் எமக்கு மனமில்லை. அதே வருடத்தில் அந்த இருவரும் ஒரே மேசையில் இருந்து குடிக்கக்கூடிய அறை இலங்கைத் தீவில் எத்தனை இருந்தது?

இனிக் குறைகள். விலையைச் சொல்லியே ஆகவேண்டும். அந்நாடு மதுவுக்கு 50 வீதம் சுங்கம் வைக்கிறது. அதற்குமேல் டுபாய் 30 வீத வரி. அதற்குமேல் ஹோட்டல் தன் பங்கு. எழுநூறு எண்ணூறு திர்ஹாம் சம்பளக்காரனுக்கு ஒரு பெரிய பியர் ஏறத்தாழ ஒரு நாட்கூலி. ஊர்த் தவறணையில் கடன் உண்டு; இங்கே கடன் இல்லை. வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். செருப்பென்றால் உள்ளே இல்லை. எமது அறையில் ஒன்பது பேருக்கு மூன்று சோடி சப்பாத்து. ஆகவே எந்த வெள்ளியும் மூன்று பேருக்கு மேல் போனதில்லை.

விலையைவிட மோசமானது மேடை. ‘லைவ் பாண்ட்’ என்று பலகை போட்ட பார்களைச் சொல்கிறோம். பெண்கள் வரிசையாக மேடையில் நிற்பார்கள். ஒவ்வொருவராக முன்வந்து சினிமாப் பாட்டுக்கு மெல்ல அசைவார்கள். தொடக்கூடாது, கிட்டப் போகக்கூடாது. வாடிக்கையாளர் பரிசாரகரைக் கூப்பிட்டு விரல் காட்டினால் அவர் ஒரு பிளாஸ்ரிக் மாலையைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கழுத்தில் போடுவார். மாலையின் விலை பில்லில் ஏறும். மாலை கழன்று மறுபடி கவுண்டருக்கு வரும், மறுபடி விற்கப்படும். ஒரே மாலை ஓரிரவில் பலமுறை விலைபோகும் இந்த வியாபாரத்தை மார்க்ஸ் பார்த்திருந்தால் ஒரு அத்தியாயம் சேர்த்திருப்பார்.

மாலை வாங்குபவன் யார்? பணக்காரன் மட்டுமல்ல. மாதச் சம்பளம் வந்த அன்று இரண்டு மாலை வாங்கி, மேடையிலிருந்து தன் பெயர் ஒலிபெருக்கியில் வரக் கேட்டு, மிச்ச மாதம் குப்பூஸும் தயிரும் தின்றவர்களை நாம் அறிவோம். அவனை முட்டாள் என்று சொல்வது சுலபம். பகலில் அவனுக்குப் பெயர் இல்லை, அட்டை இலக்கம்தான் உண்டு. பெயரைக் கேட்கத்தான் அவன் காசு கொடுத்தான். ஆனால் அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டிய பெண்ணுக்கு ஓரிரவில் இத்தனை மாலை என்று இலக்கு உண்டு. குறுகியகால விசா, கடவுச்சீட்டு வேறு யாருடையவோ கையில், வேலை முடிய வான் ஏற்றிக்கொண்டுபோய் அறையில் விடும். கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது அந்நாட்டுச் சட்டத்துக்கே விரோதம். மேடையில் நிற்பவளும் கீழே இருப்பவனும் ஒரே வகையான ஏஜெண்டிடம் ஒரே வகையான கடனோடு வந்தவர்கள். இது அவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரியாத மாதிரி இருப்பதற்குத்தான் விளக்கை அவ்வளவு மங்கலாக வைக்கிறார்கள் என்று ஒரு நண்பர் சொல்வார்.

2005இல் மகாராஷ்டிர அரசு மும்பாய் நடன பார்களைத் தடைசெய்தது. 2013இல் அந்தத் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்குள் ஏராளமான பெண்கள் பிழைப்பிழந்தார்கள். சோனியா ஃபலேரோ 2010இல் வெளியிட்ட ‘பியூட்டிஃபுல் திங்’ அப்படி ஒரு மும்பாய்ப் பெண்ணைப் பின்தொடர்கிறது. அவள் முடிவில் பார்க்கும் திசை டுபாய். ஒழுக்கத்தின் பேரால் ஓரிடத்தில் பூட்டிய கதவு இன்னோரிடத்தில், இன்னும் இருட்டான அறையில் திறந்தது. 2019இல் நிகழ்ச்சி ஏற்பாட்டு வேலை என்று சொல்லித் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டு, டுபாய் பாரொன்றில் ஆட வற்புறுத்தப்பட்ட நான்கு பெண்களை இந்தியத் துணைத்தூதரகத்தின் முறைப்பாட்டில் பொலிஸார் மீட்டார்கள். அவர்கள் நான்கு பேர் செய்தியானார்கள். மற்ற மேடைகள் அன்றிரவும் நடந்தன.

இந்த இடத்தில் எமது இலக்கியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைகுடாத் துயரம் என்றால் வாசகனுக்கு உடனே நினைவுக்கு வருவது பாலைவனம். பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ 2008இல் வந்தபின் அது இன்னும் உறுதியாகிவிட்டது. நல்ல நாவல்தான். ஆனால் எம்மில் பெரும்பாலானோர் ஆட்டைக் கண்டதில்லை. கண்டது லிஃப்டையும் பஸ்ஸையும் கட்டிலையும் இந்த நிலக்கீழ் அறையையும். தீபக் உண்ணிகிருஷ்ணன் 2017இல் ‘டெம்பரரி பீப்பிள்’ எழுதி அபுதாபி நகரத்துத் தொழிலாளர் பக்கம் கண்ணைத் திருப்பினார். தமிழில், அதிலும் எம்மவர் எழுத்தில், மாலை வாங்கியவனின் கதையை யாரும் எழுதத் துணியவில்லை. எழுதினால் எழுதியவனும் அங்கே போயிருக்கிறான் என்று ஆகிவிடும் அல்லவா.

அறைக்குள் ஒருபோதும் வராதவர்களும் இருக்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள், பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்கள். இவ்வளவு நேரம் நாம் கதிரையின் அருமையைச் சொன்னோம். அந்தக் கதிரையில் அவர்கள் இருந்ததில்லை. விடுமுறை கிடைத்தவர்கள் வெள்ளிக்கிழமை புனித மரியாள் தேவாலய முற்றத்திலும் பூங்காப் புல்லிலும் கூடினார்கள். கிடைக்காதவர்கள் சமையலறையில். அவர்களுடைய ஒரு வாரத்து ஓய்வுக்கு ஹோட்டல் இல்லை, உரிமம் இல்லை. அதைப் பற்றி எழுதப்பட்ட வீரப்பிரதாபமும் இல்லை. ஆகவே டேரா பாரை எமது சனத்தின் கூடுமிடம் என்று சொல்பவர்கள் பாதிச் சனத்தை விட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

பாருக்கு வரமுடியாத ஆண்களும் உண்டு. சோனாபூர், அல்கூஸ், ஜெபல் அலி முகாம்களிலிருந்து டேராவுக்கு வந்து குடிப்பதென்றால் பஸ், சப்பாத்து, ஒருநாட்கூலி. அவர்களைத் தேடி முகாமுக்கே வரும் தண்ணீர்ப் போத்தலில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது. சவூதியில் இப்படி வீட்டில் வடிப்பதற்கு ஸதீக்கி என்று பெயர். அரபியில் எனது நண்பன். 2025 ஓகஸ்டில் குவைத்தில் மெத்தனோல் கலந்த மதுவைக் குடித்து 23 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 160 பேர். 51 பேருக்கு அவசரமாக இரத்தச் சுத்திகரிப்புச் செய்யவேண்டி வந்தது. 21 பேர் பார்வையை இழந்தனர் அல்லது பார்வை மங்கியது. அனைவரும் ஆசிய நாட்டவர் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. அறுபது வருடத் தடையின்கீழ், அந்நாட்டின் மிகச் சம்பளம் குறைந்தவர்களுக்கு எட்டிய பானம் இதுதான். உபதேசம் எழுதும் நண்பர்கள் இதைப்பற்றியும் எழுதலாம்.

டுபாய் இதற்கிடையில் இளகியது. 2020இல் பத்திரம் இல்லாமல் குடிப்பது குற்றம் என்பதை நீக்கினார்கள். 2023 ஜனவரியில் பத்திரத்தை இலவசமாக்கி 30 வீத வரியையும் நிறுத்தினார்கள். 2025 ஜனவரியில் வரி திரும்பி வந்தது. இளகியது யாருக்காக என்று கேட்டால், விமானத்தில் வந்து நான்கு நாள் தங்குபவருக்காக. முகாமிலிருந்து வருபவனுக்கு டேராவின் படி இன்னும் அதே உயரம்தான். வாசலில் இப்போதும் காலைத்தான் பார்க்கிறார்கள்.